பூனையின் பல்லுக்கு வீட்டு வைத்தியம்: செய்யக்கூடியதும் செய்யக்கூடாததும்

தீவகத்தில் பூனை இல்லாத வீடு அரிது. வலையை எலி கடிக்காமலும், நெல்லு மூட்டையை எலி ஓட்டை போடாமலும் பார்த்துக்கொள்ளத்தான் அந்த நாட்களில் பூனை வளர்த்தார்கள். இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை எல்லாம் வெறிச்சோடின. போனவர்களில் பலர் திரும்பவில்லை. திரும்பி வந்தவர்களிலும் பலர் வயது போனவர்கள். பிள்ளைகள் கனடாவில், பிரான்சில், சுவிசில் இருக்கிறார்கள். தொலைபேசி அழைப்பு முடிந்த பிறகு அந்த வீடுகளில் பேச்சுக்குப் பதில் சொல்ல மிஞ்சுவது ஒரு பூனைதான்.

அந்தப் பூனை ஒரு நாள் சாப்பாட்டுக் கோப்பைக்குக் கிட்ட வந்து மணந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். "வயது போட்டுது", "யாரோ கண் வைத்திட்டினம்", "கள்ளத்தனமா வெளியில திண்டிட்டு வருது" என்று ஆளுக்கொரு காரணம் சொல்வோம். வாயைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. பெரும்பாலும் நோய் அங்கேதான் இருக்கிறது.

நான் சாட்டியில் இருப்பவன். கால்நடை வைத்தியன் அல்ல. பல வருடங்களாக என் வீட்டுப் பூனைகளோடு அயலவர்களின் பூனைகளையும் பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணத்துக்கு மருந்துக்குக் கொண்டுபோய் வருகிறேன். அங்கே வைத்தியர்களிடம் கேட்டறிந்ததையும், கால்நடை மருத்துவம் உறுதியாகச் சொல்வதையும், எங்கள் வீடுகளில் நடைமுறையில் செய்யக்கூடியதையும் இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன். சாட்டியில் இருப்பவருக்கு வைத்தியர் ஒரு பஸ் தூரம். நெடுந்தீவிலோ அனலைதீவிலோ இருப்பவருக்கு அது படகும் பஸ்ஸும் சேர்ந்த ஒரு முழு நாள் பயணம். அதனால் வருமுன் காப்பது மற்றவர்களை விட எங்களுக்கு அவசியம்.

பூனையின் வாய்

பூனைக்குட்டிக்கு மூன்று, நான்கு கிழமையில் பாற்பற்கள் முளைக்கத் தொடங்கும். அவை மொத்தம் 26. மூன்றாவது மாதம் முடிந்ததிலிருந்து அவை விழுந்து, ஏறத்தாழ ஆறு மாதத்தில் 30 நிரந்தரப் பற்களும் வந்துவிடும். விழுந்த பல்லைப் பெரும்பாலும் குட்டியே விழுங்கிவிடும் என்பதால் நாம் காண்பதில்லை. அந்த நாட்களில் முரசு சற்றுச் சிவந்திருப்பதும், அகப்பட்டதையெல்லாம் கடிப்பதும் வழமையானவை.

முன்னால் மேலும் கீழுமாக அரிசி மணி போல் 12 சிறிய வெட்டும் பற்கள். அவற்றின் இரு பக்கமும் நீண்ட வேட்டைப் பற்கள் நான்கு. மற்ற 14உம் கொடுப்புப் பற்கள். எங்கள் கடைவாய்ப் பல்லைப் போல அவை தட்டையானவை அல்ல. கத்தரிக்கோலின் அலகு போல ஒன்றோடொன்று உரசி இறைச்சியை வெட்டுபவை. பூனை மென்று தின்னும் பிராணி அல்ல, வெட்டி விழுங்கும் பிராணி. இதனால்தான் பல் நோயுள்ள பூனையும் பல நாட்களுக்குத் தாக்குப்பிடித்துச் சாப்பிடுகிறது. சாப்பிடுகிறதே என்பதற்காக வலி இல்லை என்று நினைக்க முடியாது.

நோய் எப்படி வருகிறது

சாப்பிட்ட பின் பல்லின் மேல் கிருமிகள் ஒரு மெல்லிய, வழுவழுப்பான படையாகப் படிகின்றன. துடைத்தால் போய்விடும். துடைக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள கல்சியம் சேர்ந்து சில நாட்களிலேயே அது இறுகத் தொடங்கி, மஞ்சள் அல்லது மண்ணிறக் காரையாகிவிடும். காரை துணிக்கும் தூரிகைக்கும் அசையாது. அதன் கரடான மேற்பரப்பில் மேலும் கிருமி தங்கும். முரசின் ஓரம் சிவந்து வீங்கும். இது முரசு அழற்சி. இந்தக் கட்டம் வரைக்கும் முழுமையாகக் குணமாக்கலாம்.

கவனிக்காமல் விட்டால் கிருமி முரசின் அடிக்குள் இறங்கிப் பல்லைப் பிடித்திருக்கும் நாரையும் எலும்பையும் அரிக்கும். கரைந்த எலும்பு திரும்ப வராது. பல் ஆடும், சீழ் கட்டும், ஈற்றில் விழும்.

பூனைகளில் காணப்படும் இன்னும் இரண்டு நோய்கள் உண்டு. ஒன்று, பல் தானாகவே உள்ளிருந்து அல்லது வேர்ப்பக்கமிருந்து கரைவது. முரசின் ஓரத்தில் பல்லில் ஒரு சிறு சிவந்த பள்ளம் போல் தெரியும். நாங்கள் பூச்சிப்பல் என்போம். மனிதருக்கு வரும் சொத்தைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதன் காரணத்தை மருத்துவம் இன்னும் கண்டறியவில்லை. தூரிகையால் இதைத் தடுக்கலாம் என்றும் சொல்ல முடியாது. அந்தப் பல்லைத் தொட்டால் மயக்கத்தில் இருக்கும் பூனையின் தாடைகூட நடுங்கும் அளவுக்கு வலி உள்ளது. அதைக் கழற்றுவதுதான் வழமையான சிகிச்சை.

மற்றது, வாய் முழுவதும், தொண்டையின் ஓரம் வரை, சிவந்து புண்ணாகும் நீடித்த வாய் அழற்சி. பூனைகளுக்குத் தடிமன் கொண்டுவரும் கலிசி வைரஸ் போன்ற தொற்றுகளோடு இதற்குத் தொடர்பு உண்டு. பல வேளைகளில் கொடுப்புப் பற்கள் எல்லாவற்றையும் கழற்றிய பிறகே இது தணிகிறது. கேட்கும்போது கொடுமையாகத் தோன்றும். ஆனால் பல் இல்லாத பூனை மெதுவான சாப்பாட்டோடு நன்றாகவே வாழும். நோயுள்ள பல்லோடு வாழ்வதுதான் அதற்குக் கொடுமை.

இவை அபூர்வ நோய்கள் அல்ல. நான்கு வயதைத் தாண்டிய பூனைகளில் 50 முதல் 90 சதவீதமானவற்றுக்கு ஏதோ ஒரு பல் நோய் இருப்பதாக அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகப் பூனை நல மையம் சொல்கிறது.

வாயைத் திறக்காமலே தெரியும் அறிகுறிகள்

பூனை வலியை மறைக்கும். அழுது காட்டாது. ஆகவே கீழே உள்ளவற்றைக் கவனியுங்கள்.

பசியோடு கோப்பைக்கு ஓடிவந்து, ஒரு வாய் எடுத்ததும் சீறிக்கொண்டோ கத்திக்கொண்டோ விலகிப் போகிறதா? தலையை ஒரு பக்கம் சரித்து, ஒரு கொடுப்பால் மட்டும் தின்கிறதா? வாயிலிருந்து சாப்பாடு கீழே விழுகிறதா? மீன் துண்டை விட்டுவிட்டுக் குழம்புச் சோற்றை மட்டும் நக்குகிறதா? வீணீர் வடிகிறதா, அதில் இரத்தம் கலந்திருக்கிறதா? முன்னங்காலால் வாயைத் தேய்க்கிறதா? உடம்பை நக்கித் துப்புரவாக்குவதை நிறுத்தி, முதுகு மயிர் சடைபிடித்திருக்கிறதா? கிட்ட வந்தால் அழுகிய மணம் வருகிறதா? மீன் தின்ற மணம் சிறிது நேரத்தில் போய்விடும். நாள் முழுக்க நிற்கும் நாற்றம் நோயின் மணம்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் வாயைப் பார்க்க வேண்டும். ஒன்றுமே சாப்பிடாமல் இரண்டு நாள் போய்விட்டால் அது அவசரம். உணவில்லாத பூனையின், குறிப்பாகக் கொழுத்த பூனையின் ஈரலில் கொழுப்பு தேங்கி உயிருக்கு ஆபத்தாகும். "பசித்தால் தின்னும்" என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

கிழமைக்கு ஒருமுறை பார்க்கும் முறை

நல்ல வெளிச்சத்தில், பூனை களைத்து அமைதியாக இருக்கும் நேரத்தைத் தெரிவுசெய்யுங்கள். பின்னேரம் விறாந்தையில் படுத்திருக்கும் நேரம் நல்லது. பூனையின் பின்பக்கம் உங்கள் பக்கம் இருக்கட்டும், முகத்துக்கு நேரே போகாதீர்கள். ஒரு கையால் தலையை மேலிருந்து மெதுவாகப் பிடித்து, மற்றக் கையின் பெருவிரலால் மேலுதட்டை மட்டும் உயர்த்துங்கள். வாயைப் பிளக்கத் தேவையில்லை. வேட்டைப் பல்லும் அதன் பின்னால் உள்ள கொடுப்புப் பற்களும் தெரியும். ஒரு பக்கத்துக்கு ஐந்து விநாடி போதும்.

முரசு இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. சில பூனைகளுக்கு இயற்கையாகவே கறுப்புப் புள்ளிகள் இருக்கும், அதில் பயமில்லை. பல்லை ஒட்டிய ஓரத்தில் செங்கோடு தெரிந்தால் அழற்சி தொடங்கிவிட்டது. மண்ணிறக் கட்டி, ஆடும் பல், உடைந்த வேட்டைப் பல், புண், சீழ், கண்ணுக்குக் கீழே வீக்கம், ஒரு தாடை மட்டும் பெருத்திருப்பது ஆகியவை வைத்தியர் பார்க்க வேண்டியவை. வயதான பூனைகளில் தாடை வீக்கம் புற்றுநோயாகவும் இருக்கலாம். மேலண்ணத்தின் குறுக்கே மீன் முள்ளோ எலும்போ இறுகியிருப்பதும் எங்கள் ஊர்ப் பூனைகளில் நடக்கிறது. திடீரென வாயைப் பிறாண்டித் துடிக்கும் பூனைக்கு முதலில் இதைச் சந்தேகிக்கலாம்.

பல் துலக்கப் பழக்குதல்

முரசு சிவந்தோ வலித்தோ இருக்கும் பூனைக்குத் துலக்கத் தொடங்க வேண்டாம். முதலில் சிகிச்சை, பிறகு துலக்கல். வலியோடு தொடங்கினால் பூனை உங்கள் கையையே எதிரியாக நினைக்கும். குட்டிப் பருவத்தில் தொடங்குவது மிக இலகு. வளர்ந்த பூனைக்கும் பொறுமையோடு பழக்கலாம்.

முதற் கிழமை: மீன் அவித்த தண்ணீரில் விரலைத் தோய்த்து நக்கக் கொடுங்கள். அதில் உப்பு, மிளகாய், வெங்காயம், உள்ளி எதுவும் இருக்கக் கூடாது. நக்கும்போது மற்றக் கையால் கன்னத்தைத் தடவுங்கள்.

இரண்டாம் கிழமை: அதே விரலால் உதட்டின் உட்பக்கம், வேட்டைப் பல்லை ஒருமுறை தொட்டு எடுங்கள். உடனே ஒரு சிறு துண்டு மீன் கொடுங்கள்.

மூன்றாம் கிழமை: சுத்தமான பஞ்சுத் துணியை அல்லது பாமசியில் வாங்கும் காயத்துணியைச் சுட்டுவிரலில் சுற்றி, அந்தத் தண்ணீரில் நனைத்து, பல்லும் முரசும் சேரும் ஓரத்தை மெதுவாகத் துடையுங்கள்.

நான்காம் கிழமையிலிருந்து: குழந்தைகளுக்கான மிக மென்மையான சிறிய தூரிகையைப் பாவிக்கலாம். தூரிகையை முரசின் ஓரத்தை நோக்கிச் சரித்துப் பிடித்துச் சிறு வட்டமாக அசைக்க வேண்டும். பல்லின் வெளிப்பக்கம் போதும். உட்பக்கத்தை நாக்கு ஓரளவு துப்புரவாக்கிவிடும். மேல் வேட்டைப் பல்லும் மேல் கொடுப்புப் பற்களும் முக்கியம், காரை அங்கேதான் அதிகம் பிடிக்கும். ஒரு பக்கத்துக்கு அரை நிமிடம். முடிந்ததும் பூனைக்குப் பிடித்த ஏதாவது ஒன்று.

நாளுக்கு ஒருமுறை செய்வதுதான் சிறந்தது. முடியாதவர்கள் கிழமைக்கு மூன்று முறையாவது செய்ய வேண்டும். மாதத்தில் ஒருநாள் அழுத்தித் தேய்ப்பதில் பலனில்லை. தூரிகை ஒவ்வொரு பூனைக்கும் தனித்தனியாக இருக்கட்டும்.

பூனைகளுக்கென்று நொதியம் சேர்த்த பற்பசை உண்டு, கோழி அல்லது மீன் சுவையில் வரும், விழுங்கினாலும் தீங்கில்லை. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் "அம்மா, என்ன அனுப்ப" என்று கேட்டால் சொக்லேட்டோடு ஒரு குழாய் இதையும் கேளுங்கள். காலாவதித் திகதியைப் பார்த்து அனுப்பச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் கவலையில்லை. படையை அகற்றுவது உரசல்தான், பசை அதற்கு உதவி மட்டுமே. வெறும் தண்ணீரில் நனைத்த துணியே பாதி வேலையைச் செய்துவிடும்.

கையால் பிடிக்க முடியாத முற்றத்துப் பூனைகளுக்கு இதைச் செய்ய முயல வேண்டாம். அவை சாப்பிடும் விதத்தையும் மயிரையும் தூரத்திலிருந்து கவனிப்பதே போதும்.

தடைக்காலத்து வைத்தியம் பூனைக்கு ஆகாது

பொருளாதாரத் தடைக்காலத்தில் சவர்க்காரத்துக்குப் பனங்காயையும், மண்ணெண்ணெய் விளக்குக்குப் போத்தலில் பஞ்சுத் திரியையும் கண்டுபிடித்துச் சமாளித்தவர்கள் நாங்கள். பல்லுக்கு உமிக்கரியும் சாம்பலும் உப்பும் வேப்பங்குச்சியும், பல்லுக்கொதிக்குக் கராம்பும் இருந்தன. அந்தக் கைவைத்தியம் எங்களைக் காப்பாற்றியது. அதே மனதோடு பூனைக்கும் செய்ய நினைப்பது இயல்பு. ஆனால் பூனையின் உடல் வேறு. அது துப்பாது, வாயில் வைத்ததை விழுங்கும். எங்கள் ஈரல் முறித்துவிடும் பல பொருட்களை அதன் ஈரலால் முறிக்க முடியாது.

பனடோல்: இதை முதலில் சொல்ல வேண்டும். ஒரு 500 மில்லிகிராம் குளிசையின் காற்பங்கே ஒரு பூனையை ஆபத்தில் தள்ளப் போதும். இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறனை இழக்கும். முரசு நீலமாக அல்லது மண்ணிறமாக மாறும். முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். எங்கள் ஒழுங்கையில் தனியாக இருக்கும் ஒரு அம்மா, பல்லுக்கொதியில் கிடந்த தன் பூனைக்குப் பரிவோடு கால் குளிசையைப் பாலில் கரைத்துக் கொடுத்தார். அடுத்த நாள் அது இறந்துவிட்டது. ஒன்பது வருடம் அவரோடு இருந்த பூனை. அவருக்கு யாரும் இதைச் சொல்லியிருக்கவில்லை. உங்கள் அயலில் இருப்பவர்களுக்கு நீங்கள் சொல்லுங்கள். தவறிக் கொடுத்துவிட்டால் அறிகுறி வரும்வரை காத்திருக்காமல் உடனே வைத்தியரை அழையுங்கள், மாற்று மருந்து உண்டு. இபுபுரூபன், அஸ்பிரின் முதலிய மனித வலிக்குளிசைகளும் கூடாது.

கராம்பு எண்ணெய்: இதிலுள்ள காரப்பொருள் பூனையின் ஈரலுக்கு நஞ்சு. தேயிலைமர எண்ணெயும் அப்படித்தான்.

மனிதப் பற்பசை: புளோரைட்டும் நுரைக்கும் பொருளும், சிலவற்றில் சைலிற்றோல் என்ற இனிப்பும் உள்ளன. விழுங்கும் பிராணிக்கு உகந்தவை அல்ல.

உப்பு, உமிக்கரி, சாம்பல், அப்பச்சோடா: கரடானவை பல்லின் மேற்பூச்சைக் கீறும், கீறலில் காரை இன்னும் பிடிக்கும். உப்பும் சோடாவும் வயிற்றுக்குள் போனால் உடல் உப்பின் சமநிலை குழம்பும்.

உள்ளி, வெங்காயம்: இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

தேங்காயெண்ணெய்: சிறிது பட்டால் தீங்கில்லை, ஆனால் காரையை அகற்றாது.

காரையை நகத்தாலோ ஊசியாலோ கத்தி முனையாலோ சுரண்டவும் கூடாது. மேலே பளிச்சென்று தெரியும், முரசின் அடியில் நோய் அப்படியே இருக்கும். மயக்க மருந்து இல்லாமல் பல் சுத்தம் செய்வதை உலக சிறு விலங்கு கால்நடை மருத்துவச் சங்கமும் ஏற்பதில்லை.

சாப்பாடு

மீன் முள் பல்லைத் தீட்டும் என்பது பழைய நம்பிக்கை. சமைத்த முள்ளும் எலும்பும் சிம்பாக உடைந்து முரசில், தொண்டையில், குடலில் குத்தும். முள் எடுத்துக் கொடுங்கள். கருவாட்டில் உப்பு அதிகம், அதை வழமையான உணவாக்க வேண்டாம். சூடை போன்ற சில மீன்களைத் தொடர்ந்து பச்சையாகவே கொடுத்தால் பூனைக்கு பி1 உயிர்ச்சத்துக் குறையலாம், அவித்துக் கொடுப்பது நல்லது. குழைத்த சோறு பல்லில் ஒட்டும். அது வயிற்றை நிரப்பினாலும் பூனைக்கு வேண்டிய புரதம் மீனிலும் முட்டையிலும் கோழியிலும்தான் இருக்கிறது. சோற்றைக் குறைத்து மீனைக் கூட்டுங்கள்.

கடைகளில் விற்கும் சாதாரண உலர் பூனை பிஸ்கட் பல்லைத் துப்புரவாக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கடித்தவுடன் அது நொறுங்கிவிடும். பல்லுக்கென்றே தயாரித்த பெரிய, நார்த்தன்மையான உணவுகள் வேறு வகை.

தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். தீவகத்தில் பல கிணறுகள் உவர். சாட்டியின் நன்னீர்க் கிணறுகளை நம்பித்தான் அயற் கிராமங்கள் பலவும் இருந்திருக்கின்றன. நாங்கள் குடிக்கும் நல்ல தண்ணீரில் ஒரு கோப்பை பூனைக்கும் ஒதுக்குங்கள். வாய் காய்ந்திருந்தால் கிருமி பெருகும்.

உங்கள் கை

வாயைத் தொடும்போது கடி விழலாம். பூனைப் பல் ஊசி போன்றது, காயம் சிறிதாகத் தெரிந்தாலும் கிருமி ஆழத்தில் இறங்கும். சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குப் போங்கள். விசர்நாய்க்கடி நோய் பூனையாலும் பரவும். தடுப்பூசி அங்கே இலவசம். நீரிழிவு உள்ளவர்கள் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

முன்பின் தெரியாத பூனை, அல்லது திடீரெனக் குணம் மாறி வீணீர் வடித்து, தள்ளாடி, காரணமின்றிப் பாயும் பூனை என்றால் வாயைப் பார்க்கவே வேண்டாம். "முள் சிக்கியிருக்கும்" என்று விரலை விடாதீர்கள். கதவைச் சாத்திவிட்டு வைத்தியருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவியுங்கள். வளர்க்கும் பூனைக்கு விசர்நோய்த் தடுப்பூசி போட்டிருப்பது பல் பராமரிப்புக்கும் முதற் படி.

வைத்தியரிடம் போகும்போது

முதலில் உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்தை அழையுங்கள். ஆடு மாடுகளே அவர்களின் முதன்மை வேலை என்றாலும் பூனையைப் பார்த்து வழிகாட்டுவார்கள். பல் கழற்றல் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்குத்தான் போக வேண்டிவரும். சிக்கலானவற்றை இலங்கையின் ஒரே கால்நடை மருத்துவ பீடமான பேராதனைப் பல்கலைக்கழகத்தின் வைத்தியசாலைக்கு அனுப்புவதும் உண்டு.

நெடுந்தீவு, நயினாதீவு மக்கள் குறிகாட்டுவானுக்கும், அனலைதீவு, எழுவைதீவு மக்கள் ஊர்காவற்றுறைக்கும் படகில் வர வேண்டும். வீணாகத் திரும்பாமல் இருக்க முதல் நாளே தொலைபேசியில் நேரம் கேளுங்கள். மயக்க மருந்து கொடுப்பார்களா, எத்தனை மணியிலிருந்து உணவு நிறுத்த வேண்டும் என்பதையும் கேளுங்கள். உதட்டை உயர்த்தி வாயைப் படம் எடுத்து அனுப்பினால், உடனே வரவேண்டுமா இல்லையா என்று பலர் சொல்லிவிடுவார்கள்.

உரப்பைக்குள் கட்டிக் கொண்டுபோக வேண்டாம், வெக்கையில் மூச்சடைத்துவிடும். பிளாஸ்டிக் மரக்கறிக் கூடைகள் இரண்டை ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்து, நான்கு மூலையிலும் கயிற்றால் கட்டினால் காற்றோட்டமான கூடு தயார். அடியில் பூனை படுத்த பழைய சாரம் ஒன்றை விரியுங்கள், மேலே ஈரமற்ற துவாய் ஒன்றைப் போடுங்கள். படகில் இயந்திரப் புகை படாத, நிழலான பக்கத்தில் வையுங்கள்.

பல் கழற்றிய பூனைக்குச் சில நாட்களுக்கு மசித்த மீன், அவித்த முட்டை போதும். தந்த மருந்தை முழுவதும் கொடுத்து முடிக்க வேண்டும். இரண்டொரு கிழமையில், பல வருடங்களாகச் சுருண்டு கிடந்த பூனை வேலியில் ஏறுவதைக் காண்பீர்கள். வயது என்று நாங்கள் நினைத்தது வலியாக இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

கிழமைக்கு ஒருநாள் உதட்டை உயர்த்திப் பாருங்கள், முடிந்த நாட்களில் ஓர் ஈரத்துணியால் துடையுங்கள், மனித மருந்துப் பெட்டியைப் பூனைக்குத் திறக்காதீர்கள். இதற்குக் காசு வேண்டியதில்லை. தனியாக இருக்கும் அயலவரின் பூனையையும் போகிற போக்கில் ஒருமுறை பாருங்கள். அந்தச் சாட்டில் அவரோடும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வரலாம்.